மெட்டிக்கு அடியில் இருந்த புண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். விரல்கள் பேனாவைப் பிடிக்காதது ஒரு காரணம். அது சின்னக் காரணம்தான். என் மகள் பேனாவின் மேல் பழைய துணியைச் சுற்றித் தடியாக்கிக் கொடுத்திருக்கிறாள், மெல்ல எழுத வருகிறது. பெரிய காரணம், இதில் எங்கள் ஊர் அம்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் செய்ததைச் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் செய்யாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். ஏதாவது தப்பாக எழுதி அவள் மனம் நோகுமோ என்று பயம். இன்று காலை விளக்கேற்றி, "உள்ளதை உள்ளபடி எழுதுறேன் தாயே, கூட இரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்களுக்கு அபிஷேகப்பாக்கம். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் எனக்கு விரல்களில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் இளகும். ஜாக்கெட் கொக்கி போட முடியாது, தலை பின்ன முடியாது, தோசையைத் திருப்ப முடியாது. நடவுக்குப் போய்ச் சேற்றில் குனிந்தால் நிமிர இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் இதைச் சரவாங்கி என்பார்கள். எண்ணெய் தடவினோம், பத்தியம் இருந்தோம். கடைசியில் ஒருவர் பொட்டலத்தில் பொடி கட்டிக் கொடுத்தார். தின்றதும் வலி பறந்து போனது. முகம் மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. "பாரு, ஒடம்பு தேறிக்கினு வருது" என்று பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பொடியை நிறுத்திய அன்று படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

அப்புறம்தான் டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே புத்தி மாறி மூட்டுகளைத் தாக்குகிறது, அதுதான் இந்த நோய் என்று டாக்டர் விளக்கினார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். தினமும் போட்டால் ஆபத்து என்று பலமுறை சொன்னார்கள். மறக்காமல் இருக்க வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டேன். அம்மனைக் கும்பிட்டு, சாப்பிட்டு, மாத்திரை. விரல்கள் கோணியது கோணியபடி நின்றன, மேலே கோணவில்லை. ஆனால் அதற்குள் முட்டி இரண்டும் போய்விட்டிருந்தன.

நான் நடந்தது நடை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் தள்ளி, அதன் முதுகில் முழங்கையை ஊன்றி, மடங்கிய காலை இழுத்துக்கொண்டு போவேன். கோயில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. அந்தத் தூரம் போக முடியாமல் மணிச்சத்தம் கேட்கும்போது வீட்டுக்குள்ளிருந்தே கும்பிட்டுக்கொள்வேன். திருவிழாவில் சாமி வாசலுக்கு வந்து நின்றால் ஊரே நிற்கும். நான் உட்கார்ந்தபடி தட்டை நீட்டுவேன். சாமி நிற்கும்போது உட்கார்ந்திருப்பது எனக்கு ஆறவே ஆறாத குறை.

முட்டியை மாற்றிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். இன்னும் தள்ளிப்போட்டால் கால் மடங்கின வாக்கிலேயே இறுகிவிடும், அப்புறம் படுக்கைதான், ஆபரேஷனும் சிரமமாகிவிடும் என்றார். வயதானவர்களுக்கு முட்டி தேய்வது வேறு, எனக்கு வந்திருப்பது வேறு என்றும் சொன்னார். நோய் அடங்கியிருக்கிற நேரம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது என்று மூட்டுவலி டாக்டரும் இவரும் பேசி முடிவு செய்தார்கள். கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கச் சொன்னார்கள்.

எக்ஸ்ரே அறை வாசலில் என் வீட்டுக்காரரிடம், "ஏங்க, முட்டிக்கு இன்னாத்துக்குக் கழுத்த போட்டோ புடிக்கிறாங்க?" என்றேன்.

"தலையயும் சேத்து மாத்துறாங்களோ இன்னாமோ. மாத்துனா நல்லதுதான். கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குற தலையா கேட்டு வாங்கிக்கலாம்" என்றார்.

இந்த நோய் கழுத்தெலும்பையும் தளர்த்திவிடும், மயக்கம் கொடுக்கும்போது தலையை எப்படிப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் என்று பிறகு சொன்னார்கள். அவர் அப்படிக் கேலி பேசுவார். ஆனால் அதற்கு முந்தைய வருஷம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது சிஸ்டர் கேட்டார்: "ஒடம்புல எங்கயாச்சும் புண்ணு, கொப்புளம், சீழ் வெச்சது ஏதாவது இருக்காம்மா? சின்னதா இருந்தாலும் சொல்லணும்."

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை.

இதை எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேற்றில் இறங்குகிறவளுக்கு மெட்டிக்கு அடியில் எப்போதும் ஒரு புண் இருக்கும். நடவு முடிந்தால் மஞ்சளைக் குழைத்து வைப்போம், காய்ந்துவிடும், அடுத்த நடவில் மறுபடி வரும். மெட்டிப் புண்ணை நாங்கள் புண் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கோ கால் விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கணு வீங்கி, மெட்டி சதைக்குள் இறங்கியே பல வருஷமாகிவிட்டது. கழற்றினாலும் வராது. கழற்றவும் யாரும் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று என் பாதங்களைக் கழுவிச் சுத்தம் செய்ய அதே சிஸ்டர் வந்தார். வில்லியனூர்ப் பக்கம், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். விரல்களை மெதுவாகப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, இது இன்னா?"

"அது மெட்டிப் புண்ணு சிஸ்டர்."

"புண்ணு இல்லன்னு சொன்னீங்களே?"

"புண்ணு இல்ல சிஸ்டர். மெட்டிப் புண்ணு."

அவர் என்னைத் திட்டவில்லை. பஞ்சால் ஒற்றி எடுத்து எனக்குக் காட்டினார். மஞ்சளாகச் சீழ். டாக்டர் வந்து பார்த்தார். நாளை ஆபரேஷன் கிடையாது என்றார். "இந்தச் சீழ்ல இருக்கிற கிருமி ரத்தத்துல போயி புது முட்டியில உக்காந்துட்டா, வெச்ச முட்டியத் திரும்ப எடுக்க வேண்டி வரும்மா. உங்களுக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை ஓடுது. மத்தவங்களுக்கு ஆறுற மாதிரி உங்களுக்கு ஆறாது. மெட்டிய வெட்டி எடுத்தாத்தான் புண்ணு ஆறும். புண்ணு ஆறினாத்தான் ஆபரேஷன்."

இப்போதே இங்கேயே வெட்டிவிடலாம் என்று சிஸ்டர் சொன்னபோது காலை இழுத்துக்கொண்டேன். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு வேகமாக இழுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவது எங்களுக்குள் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அதுவும் நெஞ்சுவலியில் போய்த் திரும்பி வந்த புருஷன். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

சேதி கேட்டு என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. நல்லவர்தான், வாய் மட்டும் கூர்மை.

"இந்தாடி, நடக்கலன்னா செத்தா பூடுவ? உக்காந்துகினு சோறு தின்னு. என் தம்பி பொழச்சி வந்ததே உன் கால்ல கெடக்குற வெள்ளியாலதான்."

"நானும் அதத்தான் அண்ணி சொல்றேன்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

என் மகள் மட்டும், "அப்போ அத்த, டாக்டர் வெச்ச ஸ்டென்ட்டு இன்னா பண்ணுச்சாம்?" என்றாள். அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் மறுநாள் குளித்து, ஈர வேட்டியோடு அம்மனிடம் பூ கேட்கப் போனார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மனின் இரண்டு தோளிலும் பூசாரி ஈரப் பூவை ஒட்டி வைப்பார். நாம் காரியத்தை மனசுக்குள் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் செய் என்று உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நிலம் வாங்கியது, மகளைப் படிக்க வைத்தது எல்லாம் பூ கேட்டுத்தான்.

போனவர் வெகு நேரம் வரவில்லை. நான் கண்ணை மூடி, கோயில் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் விழ வேண்டும் என்று வேண்டினேனா, இடப்பக்கம் விழ வேண்டும் என்று வேண்டினேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நடக்கவும் ஆசை. அவரும் வேண்டும்.

வந்தார். நெற்றியில் விபூதி. நாத்தனார்தான் முதலில் கேட்டார்.

"இன்னாடா ஆச்சி?"

"வுழல."

"எது வுழல?"

"ரெண்டும் வுழல. நின்னு நின்னு பாத்தேன். பூசாரி நடை சாத்தணும்னுட்டாரு. பூவு ரெண்டும் அப்படியே ஒட்டிக்கினு கெடக்குது."

"அப்போ வேணாம்னுதான்டா அர்த்தம்."

"வேணாம்னா இடது பக்கம் வுழுந்திருக்கணுமே அக்கா. அதுவும் வுழலயே."

அப்புறம் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒவ்வொண்ணுத்துக்கும் போயி நிக்கிறனே, இத நீயே பாருடான்னு உட்டுட்டா போல. உன் கால்ல அதப் போட்டவன் நானு. நானே எடுக்கறேன். ஏதாச்சும் வர்றதுன்னா எனக்குத்தானே வரணும். வரட்டும்."

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று நாத்தனார் சொன்னார். வெள்ளிக்கிழமைதான் என்று இவர் சொன்னார். காலையில் பூஜை மாடத்தில் விளக்கேற்றி, நகை செய்கிற பத்தரை வீட்டுக்கே வரவழைத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இவர் தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

"மடியில வெக்காதீங்க. எனக்குத்தான் பாவம்" என்றேன்.

"அம்மி மேல தூக்கி வெச்சன்ல, அப்போ இனிச்சுதா?" என்றார். கேலிதான். ஆனால் குரல் கேலியாக இல்லை.

பத்தர் மெட்டிக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய தகட்டை நுழைத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வெள்ளி வெட்டும் சின்னக் கத்தரியை இவர் கையில் கொடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். ஒரே அழுத்து. வெள்ளி பிரிந்த சத்தம் எவ்வளவோ சின்னது. நான் என் காலைப் பார்க்கவில்லை, அவர் நெஞ்சைத்தான் பார்த்தேன், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று. அடுத்த கால் மெட்டியையும் எடுத்தார். மெட்டி இருந்த இடத்தில் சதை வெள்ளையாக ஊறிப்போய், ஆழமாக ஒரு வளையம். அதற்குள் அந்தப் புண். பத்தரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் வாசலில் நின்று அழுதார்.

அதற்குப் பிறகு வந்த நாள்கள்தான் எனக்குக் கஷ்டம். மகள் தினமும் மருந்து போட்டுக் கட்டுவாள். இவர் வயலுக்கு மோட்டார் போடப் போனால், வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்கும்வரை எனக்குத் தண்ணீர் கூட இறங்காது. அவர் இருமினால் என் கை விளக்கைப் பார்த்துக் கும்பிடும். ஒருநாள் அவர் சாப்பிட்டுவிட்டு அசையாமல் தூங்கினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன், போ" என்றார்.

புண் லேசில் ஆறவில்லை. டாக்டர் சொன்னது போலவே என் உடம்புக்கு ஆறும் வேகம் குறைவு. ஆறி, தோல் மூடி, டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, மறுபடியும் ரத்தம் பார்த்து, அப்புறம்தான் நாள் குறித்தார்கள். இந்த முறை சிஸ்டர் புண் இருக்கிறதா என்று கேட்டபோது, உச்சந்தலையில் இருந்த வியர்க்குருவைக் கூடக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். நகையெல்லாம் கழற்றியிருந்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சிஸ்டர் அதைத் துணியில் சுற்றி ஒட்டி, "இது இங்கயே இருக்கட்டும்மா" என்றார். முன்னால் திரை. வலி இல்லை, ஆனால் காது கேட்கிறதே. ரம்பச் சத்தம், சுத்தியல் சத்தம். பட்டறையில் படுத்திருப்பது போல இருந்தது. அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன். பூ விழாத தோள் இரண்டும்தான் கண்ணுக்குள் நின்றன.

மறுநாள் எழுப்பி நிற்க வைத்தார்கள். எல்லாருக்கும் கொடுக்கும் வாக்கரை என் விரலால் பிடிக்க முடியாது என்று, முழங்கையை மெத்தையில் வைத்துத் தள்ளும் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வலித்தது. பொய் சொல்லக் கூடாது, உயிர் போகிற மாதிரி வலித்தது. வலது கால் நேராக நின்றது. மற்றது அப்போதும் மடங்கித்தான் இருந்தது. சில மாதம் கழித்து அதையும் செய்து, அதிலும் தேறி, இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்ற அன்று என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். என்னை அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"எம்மா, நீ இவ்ளோ உசரமா?"

அவள் வளர்ந்த காலம் முழுக்க நான் குனிந்தே இருந்திருக்கிறேன்.

கோயிலுக்கு நடந்து போனேன். மெதுவாகத்தான். இவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார், தாங்கிப் பிடிக்கவில்லை. வெட்டிய மெட்டிகளை அம்மன் காலடியில் வைத்தேன். ஏன் பூ கொடுக்கவில்லை என்று கேட்க நினைத்துப் போனவள், கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வருஷத் திருவிழாவில் சாமி வந்தபோது நின்றுகொண்டு தட்டு கொடுத்தேன்.

முட்டிதான் புதுசு, நோய் பழையதுதான். விரல் கோணியதுதான். வெள்ளிக்கிழமை மாத்திரை இன்றைக்கும் உண்டு. தரையில் உட்காரக் கூடாது, பந்தியில் எனக்கு மட்டும் நாற்காலி. கால் விரல்கள் வெறுமனே இருக்கின்றன. நாத்தனார் வந்தால் நன்றாகச் சாப்பிடுவார், பேசுவார், என் பாதத்தை மட்டும் பார்க்க மாட்டார். என் வீட்டுக்காரர் இதை எழுதும்போது கொல்லையில் மோட்டார் ஓடவில்லை என்று யாரையோ போனில் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இதோடு விட்டிருப்பேன். நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மாதான் கெடுத்தாள். ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு, "ஆமா, உனக்கு வலது பக்கம் பூவு வுழுந்துச்சாமே. வுழுந்த ஒடனே நாற்காலிய உட்டுட்டு எழுந்து நின்னுட்டியாமே" என்றாள்.

"யாரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. நானே போற ஊர்லல்லாம் சொல்லிக்கினுதான் வரேன். சங்கரா நல்லா இருக்குது, எடுத்துக்க."

சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டேன். ஆனால் போன மாதம் கிருமாம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து என்னைத் தேடி வந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். விரல்கள் என் விரல்கள் மாதிரியே. வாராந்திர மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். ஆபரேஷனுக்குச் சொன்ன நாளும் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை தோறும் அவர்கள் ஊர்க் கோயிலில் பூ கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"இன்னா பூவு வெச்சீங்கக்கா? அரளியா, சாமந்தியா? அதச் சொல்லுங்க போதும்" என்றாள்.

"பூவு வுழலம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. "எனக்குச் சொல்லிட்டா பலிக்காதுன்னு மறைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவள் காலைப் பார்த்தேன். மெட்டி சதைக்குள் இறங்கியிருந்தது. என் புடவையைத் தூக்கி முட்டித் தழும்பைக் காட்டினேன், மெட்டி இல்லாத விரலைக் காட்டினேன், கொல்லையில் இருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனாள். டாக்டரிடம் போனாளா, கோயிலுக்குத்தான் போனாளா என்று எனக்கு இதுவரை சேதி இல்லை.

அவளுக்காகத்தான் எழுதினேன். அம்மன் என்னைக் கைவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவளைக் கும்பிடாமல் எனக்கு ஒரு பொழுது விடியாது. ஆனால் பூ விழவில்லை. இதை யாருக்காவது சொல்கிறவர்கள் அதைச் சேர்த்தே சொல்லுங்கள். பூ விழுந்தது என்று எனக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள். மாத்திரையை, பல் பிடுங்கியதை, புண் ஆறக் காத்திருந்ததை, வீட்டுக்காரர் மடியில் காலை வைத்து மெட்டியை வெட்டியதை, எதையும் விட்டுவிடாதீர்கள். கிருமாம்பாக்கம் பக்கம் போகிறவர்கள் இருந்தால் முதலில் அங்கே சொல்லுங்கள்.